எருமைக் கோயில் வெள்ளையான கதை

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, என் கணவருக்கு மன்னார்குடியிலிருந்து இராயபுரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் மெதடிஸ்ட் சபையின் போதகர். எங்கள் சபையில் போதகர்களை ஓர் ஊரில் வேர்பிடிக்க விடமாட்டார்கள். கொல்லையில் போட்ட பாகல் காய்க்கத் தொடங்கினால் மாற்றல் உத்தரவு வரப்போகிறது என்று அர்த்தம் என்பார் என் மாமியார். போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்த சமயம். இரண்டு டிரங்குப் பெட்டி, ஓர் அம்மி, என் தையல் மிஷின், இவற்றோடு எழும்பூரில் வந்து இறங்கினோம்.

ஜட்கா வண்டிக்காரரிடம் இராயபுரம் மெதடிஸ்ட் கோயில் என்றார் என் கணவர். அவருக்குப் புரியவில்லை. கடற்கரைப் பக்கம் இருக்கிறது, உயரமான கோபுரம், பாதிரிமார் கட்டியது என்று விளக்கினார். வண்டிக்காரர் முகம் மலர்ந்தது.

"அட, எர்மக் கோயிலா? அத மொதல்லியே சொல்றதுக்கின்னா?"

என் கணவர் டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றத் தொடங்கினார். போதகர் படிப்பில் இதற்கு விடை சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி கடற்கரைச் சாலைக்கு வந்ததும் காரணம் விளங்கிவிட்டது. மூன்று அடுக்காக எழும்பி, உச்சியில் எட்டுப் பட்டையாகக் கூம்பிப்போகும் அழகான கோபுரம்தான். ஆனால் சேற்றில் புரண்டு வந்த எருமையின் முதுகு போல இருந்தது. ஜப்பான்காரன் விமானம் வரும் என்று பட்டணமே பயந்து கிடந்த நாளில், துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி வெள்ளையாக ஒரு கோபுரம் நின்றால் குண்டு போடுகிறவனுக்கு வழிகாட்டி வைத்தது போலாகும் என்று அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்பிருந்த போதகர் சுண்ணாம்பில் விளக்குக்கரியைக் குழைத்து அடி முதல் நுனி வரை பூசச் செய்துவிட்டார். அதன் பிறகு பெய்த மழையெல்லாம் அதன்மேல் வரிவரியாக ஓடி, அதுவரை வெள்ளைக் கோயிலாக இருந்தது பேட்டையின் வாயில் எருமைக் கோயில் ஆகிவிட்டது.

வெளியேதான் அந்தக் கோலம். உள்ளே நுழைந்தபோது நான் செருப்பைக் கழற்ற மறந்து நின்றுவிட்டேன். இரண்டு வரிசையாக உருண்டைத் தூண்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டை வெள்ளையும் தயிரும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றியவை. தந்தத்தில் கடைந்தது போல மின்னின. சித்திரை வெயிலிலும் தொட்டால் பானைத் தண்ணீர் போலக் குளிரும். மேலே தேக்கு விட்டங்கள், அவற்றின்மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய மொட்டைமாடி. இருபுறமும் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு கதவுகள். ஒவ்வொன்றிலும் மரச் சட்டங்கள் சாய்வாகக் கோத்திருக்கும். பிரசங்கம் நீளும் நாளில் அந்தச் சட்டங்களின் வழியே கடல்காற்று வந்து சபையாரைத் தாலாட்டும்.

துறைமுகம் கட்டுவதற்கு முன்பே எழுந்த கோயில் அது. அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆட்கள் படகில் அலையைத் தாண்டி நனைந்துகொண்டு கரைக்கு வர வேண்டும். அப்படி நனைந்து வந்த ஒரு பாதிரியார், அடுத்து வருகிறவனுக்காவது கரை எங்கே என்று தெரியட்டும் என்றுதான் கடலைப் பார்த்துக் கோபுரம் வைத்தாராம். சபையில் பரம்பரையாகச் சொல்லிவந்த கதை.

போதகர் வீடு கோயிலுக்குப் பின்புறம். அங்கே எனக்கு முதல் தோழியாக அமைந்தவர் மீன் கொண்டுவரும் அம்மா. காசிமேட்டுப் பக்கம் கடலோரக் குப்பத்தில் வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். எனக்கு ஆற்று விராலும் குளத்துக் கெண்டையும்தான் தெரியும். கடல்மீனில் எது எது என்று தெரியாமல் விழிப்பேன். அவர் பேசுவதும் பாதி புரியாது. அவருக்கு நான் பேசுவது புரியும், ஆனால் சிரிப்பு வரும். கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சமையற்கட்டு வாசலிலேயே உட்கார்ந்து, எந்த மீனுக்கு எவ்வளவு புளி என்று சொல்லித் தந்துவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் கூடையில் மீன் குறைவாக இருந்தது. அவர் முகமும் சரியில்லை. என்னவென்று கேட்டேன். வலை கிழிந்துவிட்டது என்றார். தம்முடைய வீட்டுக்காரரும் கொழுந்தன்மாரும் போட்ட வலை கடலுக்கடியில் பாறையில் சிக்கிவிட்டதாம். இடம் தவறிப் போட்டுவிட்டார்களாம். நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார்.

"எல்லாம் உன் கோயிலால வந்த பேஜாரு, ஐரம்மா" என்றார். அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள், போதகர் மனைவி ஐரம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் விவரமாகச் சொன்னார். கடலில் மீன் தங்கும் பாறைத்தரையின் ஓரமாக வலை போட வேண்டும், சற்றுத் தள்ளினால் பாறை கிழித்துவிடும். அந்த இடத்துக்குப் பலகை நட்டுப் பெயர் எழுதியா வைத்திருக்கிறது? கரையைப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். "உன் கோபுரத்துக்கு நேர் பின்னால மில்லு பொகபோக்கி வந்து நிக்கணும். வடக்க திரும்புனா ஒத்தியூரு சிவன் கோயிலு கோபுரம் பனமரத்துக்கு மேல எட்டிப் பாக்கணும். ரெண்டும் சேந்துச்சினா அதான் எடம். ஒத்தியூருது அங்கியேதான் கீது. உங்களுது எங்க கீதுன்னே தெரியல. தென்னமரம், பொக, கோபுரம் எல்லாம் ஒரே கறுப்பு."

அன்று மீன் குழம்பு கொதிக்கும்போதே என் கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். எதையும் நெடுநேரம் யோசிப்பது அவர் வழக்கம். கோபுரத்துக்கு மறுபடி வர்ணம் அடிக்க வேண்டும் என்று சபைக் கமிட்டி ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறது, ஆனால் வெள்ளை இல்லை, செங்காவி என்றார்.

செங்காவி யோசனை கமிட்டியில் மூத்தவருடையது. துறைமுக ஆபீசில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பேச்சில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. ஞாயிறு தவறாமல் கோட்டு, தலைப்பாகையோடு முதல் பெஞ்சில் உட்காருவார். பட்டணத்தில் பெரிய கட்டடங்களெல்லாம் செங்கல் சிவப்பில்தான் இருக்கின்றன, வெள்ளையடித்தால் ஒரே மழையில் பாசி பிடிக்கும், செங்காவி என்றால் அழுக்குத் தெரியாது, கம்பீரமாகவும் இருக்கும் என்பது அவர் கட்சி. தவறான பேச்சும் இல்லை. என் கணவர் மீனவர்களின் சங்கடத்தை எடுத்துச் சொன்னபோது, கோயில் ஆண்டவருக்காகக் கட்டியதே தவிரக் கட்டுமரத்துக்காகக் கட்டியதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கம் இருக்கும்போது நம் கோபுரம் எதற்கு என்றும் கேட்டார்.

இதை நான் மறுநாள் மீன்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வெளக்கு ராவுக்கு. வல போடறது பகல்ல. அந்த நைனாவ ஒருவாட்டி எங்க படவுல வந்து குந்தச் சொல்லு. அப்பால பேசிக்கலாம்" என்றார்.

இதைச் சொன்னால் மூத்தவர் சீறுவார் என்று நான் நினைத்தேன். அதற்கு நேர்மாறாக அவர் உடனே ஒப்புக்கொண்டார். வாழ்நாளெல்லாம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் கடலுக்குப் பயந்தார் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? அவர் ஒருநாளும் படகில் ஏறியதே இல்லை என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கட்டுமரத்தில் ஏற்றினால் கமிட்டி கரை சேராது என்று குப்பத்தார் பெரிய பாய்மரப் படகு ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். மூத்தவரும் என் கணவரும் போவதாக முடிவாயிற்று. எனக்கு ஒரு யோசனை வந்தது. கறுப்புக் கோபுரம் தெரியவில்லை என்று காட்டினால் போதுமா? வெள்ளையாக இருந்தால் எப்படித் தெரியும் என்றும் காட்ட வேண்டாமா? மீன்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். இருவரும் நேரே கோயிலுக்குத் துணி வெளுக்கும் சலவைக்காரரிடம் போனோம்.

அவர் முதலில் தயங்கினார். அவரிடம் இருக்கும் வெள்ளைத் துணியெல்லாம் பேட்டையார் வெளுக்கப் போட்டது. ஆனால் கோபுரத்தின்மேல் நின்று துணி காயப்போடும் பாக்கியம் எந்தச் சலவைக்காரருக்குக் கிடைக்கும் என்று மீன்கார அம்மா கேட்டதும் மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. குறித்த காலையில் இரண்டு பெரிய மூட்டைகளோடு வந்து நின்றார்.

கோபுரத்துக்கு வெளியிலிருந்தே தனி வாசல், உள்ளே சுழல்படி. ஓர் ஆள் போகத்தான் இடம். புறா எச்சமும் வௌவால் வாடையும். மூச்சு வாங்க மேலே ஏறி மணிமாடத்தின் சன்னலருகே நின்றபோதுதான் நான் வாழ வந்த ஊரை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். தெற்கே துறைமுகத்தில் கப்பல்களும் பளுதூக்கிகளும். காலடியில் குப்பத்துக் கூரைகள். வடக்கே திருவொற்றியூர்க் கோபுரம், அதற்கும் அப்பால் எண்ணூர்ப் பக்கம் உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. எதிரே கடல், அதில் எங்கள் கமிட்டி ஏறிய படகு ஒரு விரல் நகமளவு.

பாறைத்தரைக்குப் போனதும் அவர்கள் பாயை இறக்குவார்கள், அதைப் பார்த்ததும் நாங்கள் துணியை இறக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. பாய் இறங்கியது. நான் சற்று நேரம் பொறுத்தேன். கறுப்புக் கோபுரத்தை மூத்தவர் தேடிப் பார்க்க அவகாசம் வேண்டுமே. பிறகு நான், மீன்கார அம்மா, சலவைக்காரர் மூவருமாகப் போர்வைகளையும் வேட்டிகளையும் முடிச்சுப் போட்டுக் கடல் பக்கச் சன்னல்களின் வழியே தொங்கவிட்டோம். காற்று எல்லாவற்றையும் உப்பவைத்தது. கீழே தெருவில் கூட்டம் கூடிவிட்டது. சலவைக்காரர் ஒவ்வொரு துணியையும் இன்னார் வீட்டது என்று சொல்லிச் சொல்லிக் கட்டினார். ஒரு போர்வையின் முடிச்சு மட்டும் அவிழ்ந்து, பெரிய பறவை போலக் கூரைகளுக்கு மேல் பறந்து போயிற்று. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

படகில் நடந்ததை என் கணவர் பிறகு சொன்னார். சொல்லும்போது பலமுறை சிரித்து நிறுத்த வேண்டியிருந்தது. மூத்தவர் அலை தாண்டும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். கோபுரம் எங்கே என்று படகுக்காரர், அதாவது மீன்கார அம்மாவின் வீட்டுக்காரர், கேட்டபோது, அதோ என்று உறுதியாகக் கைகாட்டினாராம். அவர் காட்டியது ஒரு மில்லின் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் அவருக்கு வயிற்றைப் புரட்டத் தொடங்கிவிட்டது. தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு, படகின் விளிம்பில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிவிட்டார். அந்த நேரத்தில்தான் கரையில் பளிச்சென்று வெள்ளை தெரிந்தது.

"கண்ண மூடாத நைனா. அந்த வெள்ளையவே பாத்துகினு இரு. அது ஆடாது, வவுறும் நின்னுடும்" என்றாராம் படகுக்காரர்.

மூத்தவர் மெல்லத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் புரட்டல் அடங்கியது. படகு திரும்பி அலை தாண்டும்வரை அவர் கண்ணை எடுக்கவேயில்லை. வழியில் அவர் என் கணவரிடம் பேசியது ஒரே வார்த்தைதான்.

"நாம கரை சேர்ற வரைக்கும் அத அவுத்துடாம இருக்கணுமே, ஐயரே."

மணலில் கால் வைத்ததும் தலைப்பாகையை எடுத்துச் சரியாகக் கட்டிக்கொண்டு, வெள்ளைதான் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த கமிட்டியில் வெள்ளைக்காக அவர் பேசியதைக் கேட்டவர்கள், செங்காவியைச் சொன்னது வேறு யாரோ என்று நினைத்திருப்பார்கள்.

பறந்துபோன போர்வை அன்று மாலையே வந்து சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் மரக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் அதை மடித்துக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் நின்றார். அவருடைய கடையில் அடுக்கியிருந்த சவுக்குக் கம்புகளின்மேல் வந்து விழுந்திருக்கிறது. அதற்கு வருத்தமில்லை. ஓரத்தில் இருந்த சலவைக்குறியைப் பார்த்திருக்கிறார். அது அவருடைய வீட்டுப் போர்வை. வெளுக்கப் போட்டது ஆகாயத்திலிருந்து வருவானேன் என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை. சலவைக்காரர் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

நான் நடந்ததையெல்லாம் ஆதியோடந்தமாகச் சொன்னேன். மூத்தவர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிய இடத்தில் பாயின் தாடி குலுங்க ஆரம்பித்தது. சாரம் கட்டக் கம்பு எங்கே வாங்கப்போகிறீர்கள் என்று கேட்டார். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

"எங்க வூட்டுப் போர்வையே கோபுரம் ஏறிடுச்சி. கம்பு மட்டும் கீழ குந்திகினு இருக்கணுமா?" என்றார். மறுநாளே மாட்டு வண்டியில் கம்பும் கயிறும் வந்து இறங்கின. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

தை பிறந்து மழைப் பயம் போனதும் வேலை தொடங்கியது. எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து குப்பத்தார் கிளிஞ்சலைப் படகில் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, துணியில் வடித்தோம். கோயில் முற்றமே பால் வியாபாரம் நடக்கும் இடம் போல ஆகிவிட்டது. சபைப் பெண்கள் ஒருபுறம், குப்பத்துப் பெண்கள் ஒருபுறம் என்று ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. எல்லார் முகமும் ஒன்றுபோல வெள்ளை.

பழைய கரியைச் சுரண்டும்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது. கரிக்கு அடியில் வெள்ளை, அதற்கு அடியிலும் வெள்ளை, பல பூச்சு. கொத்தனார் இன்னும் ஆழமாகக் கரண்டியை வைத்தபோது உள்ளேயிருந்து சிவப்பு தெரிந்தது. சந்தேகமில்லாத செங்காவி. அதையும் சுரண்டினால் அடியில் மறுபடியும் வெள்ளை. என்றோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் இதே கோபுரத்துக்குச் செங்காவி அடித்திருக்கிறார். வேறு யாரோ அதை வெள்ளைக்குத் திருப்பியிருக்கிறார்கள். சபையில் ஒருவருக்கும் இது தெரியாது, எந்தக் கதையிலும் இல்லை. மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். சாரத்தின் கீழ்த்தட்டில் ஏறி அந்தச் சிவப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, என் யோசனை ஒண்ணும் புதுசு இல்ல" என்றார். பிறகு தானாகவே சிரித்துவிட்டு, "அவரையும் எவனோ படகுல ஏத்தியிருப்பான்" என்றார்.

கரி லேசில் விடவில்லை. ஒரு பூச்சு பூசினால் சாம்பலாக எட்டிப் பார்க்கும். மறுபடி பூசினாலும் மங்கல்தான். கொத்தனார் கைவிரித்தபோது சலவைக்காரர் முன்னால் வந்தார். வேட்டி பழுப்பேறினால் நாங்கள் என்ன செய்கிறோம், நீலம் போடுகிறோம் அல்லவா என்றார். கடைசிப் பூச்சில் துணிக்குப் போடும் நீலத்தைத் துளி கலந்தார்கள். உச்சிக் கூம்பைப் பூசக் கொத்தனார்களுக்கே நடுக்கம். பாய்மரம் ஏறிப் பழகிய குப்பத்து வாலிபர்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி பூசி முடித்தார்கள். வெயில் பட்டுக் காய்ந்ததும் கோபுரம் கண்ணைக் கூசவைத்தது. காசிமேட்டுக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள் என்று சொன்னார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தென்னிந்தியாவில் பல சபைகள் ஒன்றாக இணைந்தன. எங்கள் பெயர்ப்பலகையும் மாறியது. ஆனால் பேட்டையில் யாரும் பழைய பெயரையும் சொல்லவில்லை, புதிய பெயரையும் சொல்லவில்லை. வெள்ளைக் கோயில் என்றால் ஜட்கா நேரே வந்து நிற்கும்.

சாரத்தைப் பிரித்த அன்று வேலை செய்தவர்களுக்கெல்லாம் கோயில் முற்றத்தில் சாப்பாடு. மீன்கார அம்மா குப்பத்திலிருந்து வஞ்சிரமும் இறாலும் கொண்டுவந்து குழம்புக்குத் தாமே பொறுப்பேற்றார். இலை போடும் முன் அவரைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனேன். இத்தனை நாள் வந்துபோயும் அவர் உள்ளே வந்ததில்லை. ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்தார். இன்னாம்மா இப்படிக் குளிருது என்றார். பிறகு மேலே அண்ணாந்து விட்டங்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்க கட்டைதானே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. புயலில் உடைந்த ஒரு கப்பலின் மரங்கள் கரையில் ஒதுங்கின, அவற்றைத் தம் முப்பாட்டன்மார் கயிறு கட்டி இழுத்துவந்து பாதிரியாருக்குக் கொடுத்தார்கள் என்று குப்பத்தில் சொல்வார்களாம். பின்னாலேயே வந்த மூத்தவர் அதைக் கேட்டுவிட்டார். அப்படியெல்லாம் இல்லை, அத்தனையும் பர்மாவிலிருந்து முறைப்படி இறக்கிய தேக்கு என்றார். அவர் பார்த்தாரா என்று மீன்கார அம்மா கேட்டார். நீ பார்த்தாயா என்று மூத்தவர் திருப்பிக் கேட்டார். விட்டத்தில் ஆணித் துளை இருந்தால் கப்பல் கட்டை என்று ஒப்புக்கொள்வாரா என்றார் அம்மா. இருக்கட்டும், ஏணி கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார் மூத்தவர். இரண்டு பேருமே அவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

ஏணி வரவில்லை. வெளியே இலை போட்டாகிவிட்டது என்று என் கணவர் கூப்பிட்டார். குழம்பு ஆறினால் நன்றாக இராது என்று மீன்கார அம்மா ஓடினார். மூத்தவர் அவர் பின்னாலேயே போய், சலவைக்காரருக்கும் மரக்கடை பாய்க்கும் நடுவில் இருந்த இலையில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.